சைட்டின் கடைக்கோடிக்கு ஃபைபர் பில்லர் பாக்ஸ்: வாங்கலாமா?

எங்கள் வளாகத்தின் கடைசி மூலையில் ஒரு பம்ப், சுற்றுச்சுவர் விளக்குகள், பராமரிப்புக்கு இரண்டு சாக்கெட். இவற்றுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுத்த இரும்புப் பெட்டி அடிப்பக்கம் துருப்பிடித்து உளுத்துப்போனதால், அதை எடுத்துவிட்டு ஃபைபர் பில்லர் பாக்ஸ் (கண்ணாடியிழையில் செய்த, தரையில் நிற்கும் மின் விநியோகப் பெட்டி) வைத்தோம். நல்ல வெயிலையும் அடைமழையையும் பார்த்துவிட்டது. அங்கே மின் வேலைகளைக் கவனிப்பவன் என்ற முறையில் எனக்கு இது முழுத் திருப்தி. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் ஐபி எண்ணை (தூசியும் தண்ணீரும் எந்த அளவுக்குப் புகாது என்று சொல்லும் எண்) மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

ஐபி 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் கெடுதல் செய்யாது. கதவு ஒழுங்காக மூடி, கேஸ்கெட் (கதவோர ரப்பர் பட்டை) சரியாகப் படிந்து, கேபிள் நுழையும் ஒவ்வொரு ஓட்டையும் கிளாண்டால் (கேபிளைச் சுற்றி இறுக்கும் பூண்) இறுகியிருந்தால்தான் அந்தக் கணக்கு. பின்னால் யாராவது இன்னொரு கேபிளுக்காகத் துளை போட்டு அப்படியே விட்டால் எறும்பு, பல்லி, ஈரம் எல்லாம் அதன் வழியே ஏறிவிடும். தினமும் போய்ப் பார்க்க முடியாத இடம் என்பதால் நான் முதலில் பார்த்தது அடிப்பக்கத்தைத்தான். இதில் கழற்றி மாட்டும் கிளாண்ட் பிளேட் இருக்கிறது. உபரித் துளைகளுக்கு அடைப்பும் கொடுத்திருக்கிறார்கள். இறுக அடைத்த பெட்டியில் இரவுக் குளிருக்கு உள்சுவர் வியர்க்கும். அந்த நீர் வடியவும் காற்று போய்வரவும் அடியில் ஒரு பிளக் வைத்திருப்பது அருமை.

குறையும் உண்டு. ஃபைபர் துருப்பிடிக்காது, ஆனால் உள்சூட்டை இரும்பு அளவுக்கு வெளியே விடாது. எம்சிபிகளின் (கரண்ட் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) ஆம்பியர் அளவு பொதுவாக 30 டிகிரி வெப்பத்துக்குச் சொல்லப்படுவது. வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ ஏறும். லோடு அளவுக்குள் இருந்தாலும் டிரிப் ஆகும். அதனால் மேலே தனி நிழல்கூரை கேட்டு வாங்கினோம், எம்சிபிகளுக்கு நடுவே இடைவெளியும் விட்டோம்.

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தூரம் தன் வேலையைக் காட்டும். 400 வோல்ட் மூன்று பேஸில், 200 மீட்டருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டு 40 ஆம்பியர் இழுத்தால் சுமார் 19 வோல்ட் குறையும். அதாவது கிட்டத்தட்ட 5 சதவீதம். 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 12 வோல்ட் அளவுக்கு இறங்கும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இதைவிட மோசம், அதனால் கேபிளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம் எர்த். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் பயம் அதிகம். 32 ஆம்பியர் சி வகை எம்சிபி நிச்சயமாக உடனே விழ, அதாவது டிரிப் ஆக, அதில் 320 ஆம்பியர் பாய வேண்டும். 230 வோல்ட்டில் லூப் இம்பீடன்ஸ் (பழுதுக் கரண்ட் எர்த் வழியே திரும்பும் முழுச் சுற்றின் மின்தடை) சுமார் 0.7 ஓமைத் தாண்டினால் அவ்வளவு கரண்ட் வராது. பழுதான பம்பின் உடம்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், எம்சிபி பேசாமல் இருக்கும், தொடுகிறவர் உயிருக்கு ஆபத்து. அதனால் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) கட்டாயம். சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் தனியாகவும், மெயினில் தாமதமாக விழும் எஸ் வகையும் போட்டோம். கைக்கருவியில் கோளாறு வந்தால் சாக்கெட் லைன் மட்டும் போகும், பம்பும் விளக்கும் நிற்காது. ஃபைபர் உடம்பில் மின்சாரம் ஏறாது என்பதற்காக உள்ளே இருக்கும் உலோகப் பாகங்களையும் கேபிளின் ஆர்மரையும் (உலோகக் கவசத்தையும்) எர்த் செய்யாமல் விடக்கூடாது.

சான்றிதழ் கேட்கும்போது காலிப் பெட்டிக்கு உரியதைக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, உள்ளே எல்லாம் பொருத்திய முழுப் பெட்டிக்கு ஐஇசி 61439 என்ற சர்வதேசத் தர விதிப்படி வெப்ப ஏற்றம் சரிபார்த்த ஆவணம். கட்டுமான வேலை நடக்கும் இடம் என்றால் அதன் 4-ஆம் பகுதி பொருந்தும்.

மெயின் ஐசொலேட்டரில் (மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்ச்) பூட்டு மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தூரத்தில் வேலை செய்கிறவரின் பாதுகாப்பு அந்தப் பூட்டில் இருக்கிறது. லாரி திரும்பும் இடத்துக்கு மட்டும் இதைச் சொல்லமாட்டேன். அடி தாங்கும் திறனைச் சொல்லும் ஐகே எண்ணில், ஐகே 10 என்பதே 20 ஜூல் அடிக்குத்தான், வண்டி இடித்தால் ஃபைபர் விரிசல் விட்டுவிடும். அங்கே கனமான இரும்புப் பெட்டியை வைத்து, முன்னால் தடுப்புக் கம்பம் நட்டுவிடுங்கள்.