தில்லையா, அதிகையா? பெண் குழந்தைக்கு ஓர் ஊர்ப்பெயர்

நாங்கள் இருப்பது புதுச்சேரி என்றாலும் இரண்டு பக்கத்துச் சொந்தமும் கடலூர் மாவட்டம்தான். அதனால் மகளுக்கு அந்த மண்ணின் பெயரை வைப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பொன்னி என்றதும் எல்லோருக்கும் அரிசிதான் ஞாபகம் வந்தது. திருப்பாதிரிப்புலியூரின் பாதிரி அழகான பூ. ஆனால் இங்கே பாதிரி என்றால் சர்ச்சில் பூசை வைப்பவர். கடைசியில் நின்றவை அதிகையும் தில்லையும்.

கதைக்கு அதிகைதான். பண்ருட்டி பக்கம் கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகை, சிவன் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லும் எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்று. சூலை நோயில் துடித்து வந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்து, கோயிலுக்குக் கூட்டிப்போன திலகவதியாரின் ஊர். தம்பி அப்பர் ஆனார். எனக்கு அக்காவைத்தான் பிடிக்கும்.

இருந்தும் தில்லை என்றே வைத்தோம். சிதம்பரத்துக்கு அந்தப் பெயரைத் தந்த மரம் பிச்சாவரம் உப்பங்கழிகளில் இன்றும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். "விஷப்பால் மரத்துப் பேரா வைக்கிறது?" என்றார் அத்தை. அதைவிட, தில்லைநாயகம், தில்லைநாதன் என்று ஆண்பிள்ளைப் பெயராகவே கேட்டுப் பழகியதுதான் பலருக்கும் தயக்கம். தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? போதாதென்று தில்லைக் காளியும் சிதம்பரத்தில்தான் இருக்கிறாள்.

உண்மையில் முடிவு செய்தது ஆங்கில எழுத்துதான். அதிகையின் நடுவில் வரும் 'தி'க்கு 't' போட்டு ஒருவர், 'th' போட்டு ஒருவர், 'dh' போட்டு இன்னொருவர். 'கை'க்கு 'ஜி'யா, 'கே'யா என்பது தனி வழக்கு. உறவினர்களிடமே எழுதிக் காட்டச் சொன்னேன், ஆளுக்கொரு விதம். தில்லையை எழுதச் சொன்னால் பெரும்பாலும் ஒரே மாதிரி வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதில் விழும் எழுத்து ஆயுசுக்கும் கூடவே வரும். பிறகு திருத்த அலைவதை நினைத்தாலே அலுப்பு.

பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் மட்டும் அங்குள்ளவர்கள் இரண்டு 'எல்'லைப் பார்த்து 'தியே' என்று படிக்கக்கூடும் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். மகள் இன்னும் பள்ளிக்கே போகவில்லை. வகுப்பில் பையன் பெயர் என்று கேலி வருமா என்பது இனிமேல்தான் தெரியும்.

அதிகைதான் வேண்டும் என்பவர்கள் அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும். பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குள் ஆங்கில எழுத்தை வீட்டில் எல்லோரும் பேசி ஒன்றாக்கிவிடுங்கள்.