ஈரப்பதத்தைச் சரிசெய்யும் மெஷின் என்று 18,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள்

டில்லியில் இருக்கும் நம் ஆட்கள் தயவுசெய்து படியுங்கள். குளிர்காலத்தில் ஷாக் அடிக்காது, மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காது, ஆட்டோ மோடில் போட்டால் வருஷம் முழுக்க ஈரப்பதம் 50 சதவீதத்தில் நிற்கும் என்று ஒரு டூ-இன்-ஒன் மெஷின் விற்கிறார்கள். வாங்காதீர்கள். என் 18,500 ரூபாய் போயே போய்விட்டது. இன்று காலை கடைக்காரர் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

வாங்கியது ஜனவரியில், வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு கடையில். வீட்டில் நாள் முழுக்க ஹீட்டர். போர்வையை இழுத்தால் படபடவென்று பொறி, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுளீர். என் பெண் ஸ்வெட்டரைக் கழற்றவே பயந்தாள். காற்று காய்ந்துபோனால் இப்படித்தான் ஷாக் அடிக்கும். வெளியே இத்தனை பனிமூட்டம் இருக்க, உள்ளே எப்படிக் காற்று காய்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். மனுஷன் எவ்வளவு அழகாக விளக்கினார் தெரியுமா? 7 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 100 சதவீதம் என்றாலும் அதிலிருக்கும் தண்ணீர் கொஞ்சம்தான், அதே காற்றை ஹீட்டர் 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 சொச்சத்துக்கு இறங்கிவிடும் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அத்தனையும் சரி. விஷயம் தெரிந்தவர், ஏமாற்றமாட்டார் என்று அடுத்த நாளே பணத்தைக் கட்டினேன்.

குளிர்காலத்தில் மெஷின் சாரலைப் புகைபோல விட்டது, ஷாக்கும் குறைந்தது. சாதாரண ஹியூமிடிஃபையரும் அதைச் செய்யும், அது வேறு விஷயம். ஈரத்தை உறிஞ்சுகிறதா என்று பார்க்க மழை வரவேண்டுமே! வாரண்டி 6 மாதம்தான். ஜூலையில் முடிந்தது. என்ன கணக்கு பாருங்கள்.

ஜூலையில் மழை பிடித்ததும் வீடே ஊறிப்போனது. மெஷின் 38 சதவீதம் என்று காட்டிக்கொண்டு, ராத்திரியெல்லாம் இன்னும் சாரல் விட்டது! பீரோவை நகர்த்தினால் வடக்குச் சுவரில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. உள்ளே அம்மாவின் கூறைப்புடவை, மடிப்பு நெடுக வெள்ளைப் பூசணம். விரலால் தொட்டால் மாவாக ஒட்டுகிறது, அந்த முடைநாற்றம் வேறு.

போன் செய்தேன். ஜன்னல் திறந்திருக்கும் என்றார். அப்புறம் ஃபில்டர் மாற்றவேண்டுமாம். அப்புறம் டெக்னீஷியன் வருவாராம். "தேக் லேங்கே மேடம்" (பார்த்துக்கொள்ளலாம் மேடம்), எப்போது கேட்டாலும் இதே பாட்டு. 400 ரூபாய்க்குத் தனியாக ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி மெஷின் பக்கத்தில் வைத்தேன். மீட்டரில் 81, மெஷினில் 38. வீடியோ அனுப்பினால் பதில் என்ன தெரியுமா? "18,500 ரூபாய் மெஷினை விட்டுவிட்டு 400 ரூபாய் மீட்டரையா நம்புவீர்கள்?"

அந்த மீட்டரையும் சோதித்துத்தான் நம்பினேன் ஐயா. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, குழையும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் மூடி ராத்திரி முழுக்க வைத்தால் 75 காட்டவேண்டும். 74 காட்டியது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மீட்டர் வாங்குங்கள். 40க்கும் 60க்கும் நடுவில் இருந்தால் எதுவும் வாங்கவேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்கினால் எத்தனை வாட் என்று அடியில் உள்ள ஸ்டிக்கரில் பாருங்கள். என்னுடையதில் வெறும் 65 வாட், அதாவது உள்ளே கம்ப்ரஸர் கிடையாது. கம்ப்ரஸர் இல்லாத அந்தச் சின்னப் பெட்டிகள் நாளெல்லாம் ஓடினாலும் ஓரிரு டம்ளர் தண்ணீர்தான் இறக்கும். மழைக்காலத்தில் கூலர் வேண்டாம், ஏசியில் டிரை மோட் போதும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். 18,500 ரூபாயைச் சும்மா விடுவதாக இல்லை. பட்டில் பூசணம் எடுக்கத் தெரிந்த நல்ல டிரை கிளீனர் மயூர் விஹார் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவசரம்.