பூட்டு அப்படியே இருந்தது, நிலை பிளந்துவிட்டது: கதவை வலுப்படுத்தப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வேலை முடிந்து வீடு திரும்பியபோது வாசல்கதவு திறந்து கிடந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது. நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு சாவியைப் போட்டுத் திருப்பினேன், எண்ணெய் போட்டது மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. அந்த நாக்கு போய் உட்காரும் எஃகுத் தகடுதான் அங்கே இல்லை. நிலைச்சட்டத்தில் ஒரு முழ நீளத்துக்குச் சிம்பாகப் பெயர்ந்து, அந்தச் சிம்போடு சேர்ந்து உள்ளே தரையில் கிடந்தது.

லேப்டாப்பும் கொஞ்சம் நகையும் போயின. அதைப் பற்றி எழுத வரவில்லை. இதே கதவை வலுப்படுத்தித் தருகிறோம் என்று சொன்ன ஒரு நிறுவனத்துக்கு அதற்கு ஐந்து மாதம் முன்புதான் பணம் கொடுத்திருந்தேன். அதைத்தான் எழுத வந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

வந்தவர் நன்றாகப் பேசினார். கையில் ஒரு மாதிரிக் கதவு, அதாவது இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஒரு துண்டுக் கதவு. அதில் அவர்களுடைய பூட்டு. சுத்தியலை என் கையிலேயே கொடுத்து, "அடிங்க மேடம், பயப்படாம அடிங்க" என்றார். அடித்தேன். பூட்டு அசையவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நான் விழுந்துவிட்டேன். பூட்டைச் சுற்றியிருந்தது இரும்புச் சட்டம், என் வீட்டில் இருப்பதோ மர நிலை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கதவை உடைக்க வருகிறவன் பூட்டை அடிக்க மாட்டான், கதவை உதைப்பான். அந்த உதை முழுவதும் நாக்கு வழியாகத் தகட்டுக்குப் போகும், தகட்டிலிருந்து அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவுக்கு, ஸ்க்ரூவிலிருந்து அது கடித்திருக்கும் மரத்துக்கு. இந்த வரிசையில் எது மெலிந்ததோ அதுதான் போகும். பூட்டு போவது அபூர்வம். இதையெல்லாம் திருட்டு நடந்த பிறகு தெரிந்துகொண்டேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"ஆர்சி 2 தரம் மேடம்" என்று வேறு சொன்னார். அது பொய்யான பெயர் இல்லை. ஐரோப்பாவில் இஎன் 1627 என்று ஒரு தரநிலை இருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் திருட்டு முயற்சியை எவ்வளவு தாங்குகின்றன என்று ஆர்சி 1 முதல் ஆர்சி 6 வரை வகுப்புப் பிரிக்கிறது. ஆர்சி 2 என்றால் ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, ஆப்பு போன்ற எளிய கருவிகளோடு ஒருவர் போராடினால் 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி 3 என்றால் கடப்பாரை மாதிரி நெம்புகோலும் சேர்த்து 5 நிமிடம். ஆனால் அந்த வகுப்பு பூட்டுக்குக் கொடுக்கப்படுவதில்லை. கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குத்தான் கொடுக்கிறார்கள், அதுவும் சொன்ன முறைப்படி சுவரில் பொருத்தினால்தான் செல்லும். பழைய கதவில் ஒரு புதுப் பூட்டை மாட்டிவிட்டு "ஆர்சி 2" என்று யாராவது சொன்னால், எதற்கான சான்றிதழ் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்கவில்லை, தலையாட்டினேன்.

பொருத்த வந்தது வேறு ஆள். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். வாசல்கதவுக்குப் புதுப் பூட்டு, நீளமான தகடு, பின்கதவுக்குப் புது சிலிண்டர், அதாவது பூட்டில் சாவி நுழையும் உருளை. "பாருங்க மேடம், எட்டு ஸ்க்ரூ. மத்தவங்க ரெண்டுதான் போடுவாங்க" என்று எண்ணிக் காட்டினார். எட்டும் பளபளவென்று வரிசையாக இருந்தன. வேலை முடிந்ததும் கொஞ்சம் மரத்தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். இவ்வளவு சுத்தமாக வேலை பார்க்கிறாரே என்று நன்றி வேறு சொன்னேன்.

அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் வீட்டுச் சுவர் செங்கல். நிலையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டுமென்றால் செங்கல்லைத் துளைத்தாக வேண்டும். செங்கல்லைத் துளைத்தால் சிவப்புத் தூள் கொட்டும், சத்தம் காதைப் பிளக்கும். என் வீட்டில் ஒரு சிட்டிகை சிவப்புத் தூள்கூட விழவில்லை.

இன்னொன்றையும் அன்றே சொன்னேன். கதவைச் சாத்திப் பூட்டும்போது சாவி கடைசித் திருப்பத்தில் இறுகியது. "புதுப் பூட்டு அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிடும்" என்றார். ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தபோதும் அதே பதில். நானும் பழகிக்கொண்டேன், பூட்டு பழகவில்லை.

திருட்டுக்குப் பிறகு வந்த தச்சர் வயதானவர். பிளந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கீழே கிடந்த தகட்டை எடுத்து, அதில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "ஏம்மா, இதை நம்பியா கதவைப் பூட்டிட்டுப் போனே?" என்றார். அளந்து பார்த்தோம். 20 மி.மீ. எட்டும் 20 மி.மீ. தகட்டின் கனம் 2 மி.மீ. போனால் மரத்துக்குள் இருந்தது 18 மி.மீ.தான். என் விரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

நிலையின் கனம் 32 மி.மீ. அதற்குப் பின்னால் சுவர்வரை 15 மி.மீ. இடைவெளி, அதில் நுரை. அந்த நுரை காற்றும் குளிரும் வராமல் அடைக்கும். உதையைத் தாங்காது. ஆக, எட்டு ஸ்க்ரூவில் ஒன்றுகூடச் சுவரைத் தொட்டதே இல்லை. அதை விடக் கொடுமை, எட்டையும் மரத்தின் இழையோட்டத்திலேயே ஒரே நேர்கோட்டில் போட்டிருந்தார். தபால்தலைத் தாளில் கிழிப்பதற்கு வசதியாகத் துளை வரிசை இருக்குமே, அந்த மாதிரி. எட்டு ஸ்க்ரூ என்று அவர் பெருமையாக எண்ணிக் காட்டிய அதே கோட்டில்தான் மரம் கிழிந்திருந்தது.

தகடு நல்ல எஃகு. அதைக் குறை சொல்ல மாட்டேன். பூட்டும் நல்ல பூட்டுதான், திருட்டுக்குப் பிறகும் வேலை செய்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே நல்லதாகத்தான் இருந்தன.

சாவி ஏன் இறுகியது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாக்கு 25 மி.மீ. வெளியே வர வேண்டிய பூட்டு அது. ஆனால் நிலையில் அதற்குக் குடைந்த குழி ஆழம் பத்தவில்லை, 17 மி.மீ.தான். நாக்கின் முனை குழியின் அடியில் முட்டி நின்றுவிட்டது. இந்த வகைப் பூட்டு பலவற்றில் நாக்கு முழுசாக வெளியே வந்தால்தான் உள்ளே இறுகி நிற்கும். பாதியில் நின்றால் இடுக்கில் எதையாவது விட்டுத் தள்ளினாலே பின்வாங்கிவிடும். என் வீட்டுக்கு வந்தவனுக்கு அந்தப் பொறுமைகூடத் தேவைப்படவில்லை. இதை நீங்களே இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள், அப்புறம் சாத்திவிட்டுத் திருப்புங்கள். இரண்டு தடவையும் சாவி ஒரே இடம்வரை, ஒரே மாதிரி போக வேண்டும். சாத்தியபோது முன்னதாகவே நின்றாலோ இறுகினாலோ குழி ஆழம் போதவில்லை, இல்லையென்றால் கதவு தொங்கி நாக்கு தகட்டில் உரசுகிறது.

பின்கதவுக்கும் போனோம். அங்கே மாட்டியிருந்த சிலிண்டர் கைப்பிடித் தகட்டை விட்டு வெளியே 7 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தது. கதவின் கனத்தை அளக்காமல் கையில் இருந்ததை மாட்டியிருக்கிறார். இந்த வகை சிலிண்டர் நடுவில், அதைப் பிடிக்கும் ஸ்க்ரூ போகிற துளை இருக்கும் இடத்தில், மிகவும் மெல்லியது. வெளியே பிடி கிடைத்தால் இடுக்கியால் முறித்துவிடலாம். தகட்டோடு சமமாக, மிஞ்சினால் 3 மி.மீ. வரைதான் துருத்தலாம். அதே கதவில் உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் கண்ணாடி இருப்பதால் அதுதான் பாதுகாப்பு என்று விளக்கம். கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறப்பதை அது தடுக்கும், உண்மைதான். ஆனால் ராத்திரி தீப்பிடித்துப் புகை சூழ்ந்தால் சாவியை எங்கே தேடுவது? அதைக் கழற்றிவிட்டு, உள்ளே கையால் திருகும் குமிழ் உள்ள சிலிண்டர் போட்டேன். கண்ணாடியைத்தான் லேமினேட்டட் கண்ணாடியாக மாற்றினேன். அது விரிசல் விட்டாலும் நடுவில் உள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும், கை எளிதில் நுழையாது.

இப்போது நிறுவனத்தின் கதை. முதல் ஃபோனில் பேசியவர் வருத்தப்பட்டார். இரண்டாவது ஃபோனில் வேறொருவர் ஒரு கேள்வி கேட்டார்: "மேடம், பூட்டு இப்ப வேலை செய்யுதா?" வேலை செய்கிறது என்றேன். "அப்ப எங்க உத்தரவாதப்படி பிரச்சினை இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். மேலே பெரிதாக "கதவு வலுவூட்டல்". கீழே பொடி எழுத்தில் உத்தரவாதம் பூட்டின் இயக்கத்துக்கு மட்டும், மரம், நிலை, சுவர் ஆகியவற்றுக்குப் பொறுப்பல்ல என்று இருக்கிறது. வலுவூட்டுவதாகச் சொன்னதே மரத்தையும் நிலையையும்தான். அவை பொறுப்பில் சேராதென்றால் நான் எதற்குப் பணம் கொடுத்தேன்? மூன்றாவது ஃபோனில், அடுத்த பூட்டுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் அகப்பட்டது. ரசீதைத் தேடும்போது பூட்டு வந்த அட்டைப்பெட்டி கையில் கிடைத்தது. உள்ளே பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் பை. அதில் 120 மி.மீ. நீளத்தில் நான்கு ஸ்க்ரூ, செங்கல்லுக்குள் இறங்கிப் பிடிக்கும் பிளக் நான்கு. அதாவது செய்ய வேண்டிய வேலைக்கான பொருள் பெட்டியிலேயே வந்திருக்கிறது. சுவரைத் துளைக்கச் சோம்பல்பட்டுப் பையைப் பிரிக்காமலே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மரச்சட்டச் சுவர் உள்ள வீடுகளில் செங்கல் துளைக்கும் வேலைகூட இல்லை. 75 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் நிலையைத் தாண்டிச் சுவரின் மரத்தூணைப் பிடித்துவிடும். அங்கேயும் குட்டை ஸ்க்ரூ போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் தச்சர்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பிளந்த நிலைக்காலை மாற்றினார். பூட்டுக்கு நேராகவும் மூன்று கீல்களுக்கு நேராகவும் நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் கெட்டி மரத் துண்டுகளை இறுக்கமாகச் செருகினார். இதைச் செய்யாமல் நீள ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் நிலை சுவர்ப்பக்கம் வளைந்துவிடும், கதவு ஒழுங்காகச் சாத்தாது. அதன்பிறகுதான் 120 மி.மீ. ஸ்க்ரூக்கள். தகடு, நிலை, இடைவெளி எல்லாம் கழித்தால் செங்கல்லுக்குள் 70 மி.மீ. அளவுக்குப் போகிறது. செங்கற்களுக்கு இடையே உள்ள காரை இணைப்பில் போடாமல் செங்கல்லின் நடுவில் பார்த்துப் போட்டார். கீலிலும் குட்டை ஸ்க்ரூக்களை மாற்றினார். பூட்டுப் பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் அடுத்த உதை கீல் பக்கத்தில் வேலையைக் காட்டும் என்றார். கதவிலும் பூட்டுக்காகப் போட்ட பெரிய துளையைச் சுற்றி விரிசல் இருந்தது. அங்கே கதவின் விளிம்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் எஃகு உறை ஒன்றை மாட்டினார். உங்கள் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீலின் ஊசி வெளியே இருக்கும், அதைத் தட்டிக் கழற்றிவிடலாம். கதவு சாத்தியிருக்கும்போது நிலைக்குள் போய் உட்காரும் முளை கீல் பக்கத்தில் வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை.

யாரையாவது வைத்து ஏற்கெனவே வேலை செய்திருந்தால், நிலையில் உள்ள தகட்டிலிருந்து ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போதும். இனிமேல்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், ஸ்க்ரூவின் நீளம், அது எதைப் பிடிக்கிறது என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். முறுக்குவதற்கு முன் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல்கிற ஆளை அப்போதே அனுப்பிவிடலாம்.

தச்சர் வேலை முடித்த அன்று நடையெல்லாம் செங்கல் தூள். கூட்டக் கூட்ட வந்துகொண்டே இருந்தது, இரண்டு நாள் ஆயிற்று.

போன வாரம் நிறுவனத்திலிருந்து எழுத்தில் பதில் வந்தது. 120 மி.மீ. ஸ்க்ரூக்கள் பொருத்தப்பட்டதாக அவர்களுடைய பணிப் பதிவில் இருக்கிறதாம், என் கையெழுத்தோடு. வேலை முடிந்ததும் நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான், மறுக்கவில்லை. பிரிக்காத பையையும் எட்டுக் குட்டை ஸ்க்ரூக்களையும் ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைப் புகாரோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.