வடக்கு ஐஸ்லாந்து: தனி வண்டி, தனி வழிகாட்டி, கூடவே அப்பச்சியும் ஆத்தாவும்

வயதானவர்களோடு வடக்கு ஐஸ்லாந்து போவதாக இருந்தால் பேருந்துக் கூட்டத்தில் சேராதீர்கள். தனி வண்டி எடுங்கள், ஓட்டுகிறவரே வழிகாட்டி. கட்டணம் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. அப்பச்சி, ஆத்தா, நான், வீட்டுக்காரர் என்று நால்வராகப் பங்கு போட்டபோது பேருந்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

அகுரேரி நகரில் வண்டி ஏறி முதலில் கோடாஃபோஸ் அருவி. உயரம் 12 மீட்டர்தான், ஆனால் நல்ல அகலம். 1000-ஆம் ஆண்டு வாக்கில் நாடு கிறிஸ்தவத்துக்கு மாறட்டும் என்று தீர்ப்புச் சொன்ன தோர்கெய்ர், தன் சாமி சிலைகளை இதில் வீசினாராம். "சாமியைத் தூக்கிப் போட்டுட்டு எப்படித் தூங்குனாராம், கேளு" என்றார் ஆத்தா. கேட்டேன். "தீர்ப்புக்கு முன்னாலேயே ஒரு பகல், ஓர் இரவு போர்வைக்குள் படுத்து யோசித்தவராம் அவர்" என்றார் வழிகாட்டி. ஆத்தாவுக்கு அப்புறமும் சமாதானம் இல்லை.

கொடுத்த காசு தகும் என்று தோன்றிய இடம் குவெரிர் என்கிற வெந்நிலம். கந்தக வாடை வண்டிக் கதவைத் திறக்கும் முன்பே வந்துவிடுகிறது. மஞ்சளும் காவியுமாகத் தரை, நடுவே சாம்பல் நிறச் சேறு வேகிற குழிகள். அடியிலிருந்து வரும் அமில ஆவி பாறையைக் கரைத்துச் சேறாக்குகிறதாம். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சூடு 200 டிகிரிக்கு மேல். ஒரு குமிழி மெதுவாகப் புடைத்து, 'ப்ளப்' என்று உடைந்து, வட்டமாகப் படிந்து, அதே இடத்தில் மறுபடி புடைக்கிறது. ஆத்தா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, "களி கிண்டுற பதம்தான்" என்று முடிவு சொல்லிவிட்டார். முழங்கால் வலியோடு அப்பச்சி அங்குலம் அங்குலமாக நடந்தார். வழிகாட்டி ஒரு தடவைகூடக் கடிகாரம் பார்க்கவில்லை. இதுதான் தனி வண்டியின் அருமை.

கிராஃப்லா எரிமலையில் 1975 முதல் 1984 வரை ஒன்பது முறை பூமி வெடித்திருக்கிறது. பக்கத்திலேயே அந்தச் சூட்டில் 60 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அப்பச்சிக்கு எரிமலையைவிட அந்தக் குழாய்கள்மேல்தான் கண். டெட்டிஃபோஸ் 44 மீட்டர் அருவி. வண்டி நிற்குமிடத்திலிருந்து பாறையில் நடை என்பதால் நானும் வீட்டுக்காரரும் மட்டும் போய் நனைந்து திரும்பினோம்.

சாப்பாடு சுமார். சைவம் என்றால் சூப்பும் ரொட்டியும். ஆனால் மீவாட்ன் ஏரிப் பக்கம் சுடு மண்ணுக்குள் ஒரு நாள் புதைத்து வேகவைக்கும் ரை ரொட்டி இருக்கிறதே, ரை என்பது கோதுமை மாதிரி ஒரு தானியம், கறுப்பாக, ஈரமாக, லேசான இனிப்போடு. வெண்ணெய் தடவிய துண்டைப் பிட்டுப் பார்த்து, "கருப்பட்டி போட்டிருக்காகளா?" என்றார் ஆத்தா. இன்னொரு துண்டும் கேட்டார்.

குறை ஒன்று உண்டு. வெந்நீர்க் குளத்துக்கு நுழைவுக் கட்டணம் சேர்த்தி என்று பதிவு செய்த நிறுவனம் எழுத்தில் கொடுத்திருந்தது. வாசலில் தனியாக வாங்கினார்கள். மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. எது எது சேர்த்தி என்று முன்பே வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். பின்சீட்டும் நெருக்கம், கால் நீளமானவர்கள் முன்னால் உட்காரட்டும்.

கோடையில் மீவாட்ன் ஏரிக்கரையில் பொடி ஈக்கள் மூக்கு, காது என்று பார்க்காமல் நுழையும். முகத்தை மூடும் வலை ஆளுக்கொன்று கட்டாயம். விமானத்தில் போகும்போது புளிக்காய்ச்சல் பாட்டிலை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் போடுங்கள்.