‘ஐ ஹேவ்’ சரியா, ‘ஐயாம் ஹேவிங்’ சரியா?

ஆபீஸ் மெயிலில் அடிக்கடி கண்ணில் படுவது ‘ஐயாம் ஹேவிங் எ டவுட்’. நமக்குள் இது ஓடிவிடும். லண்டன்காரர் காதில் உறுத்தும். அவர் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்பார். (அந்த ‘டவுட்’டும் நம்மூர்ச் சரக்குதான், அது தனிக் கதை.)

பள்ளியில் சொல்லித்தந்த விதி கறாரானது: ‘ஹேவ்’, ‘லவ்’ மாதிரி, செயலை அல்லாமல் நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு ‘இங்’ கூடவே கூடாது. இன்னொரு கட்சி, வினையைப் பார்க்காதே, பொருளைப் பார் என்கிறது. என் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான்.

ஏன் என்று காட்ட ‘ஹேவ்’ என்ற ஒரு உதாரணமே போதும். காரோ தம்பியோ இருப்பதைச் சொல்ல ‘ஐ ஹேவ்’ மட்டும்தான். தம்பி இருப்பது நாம் செய்துகொண்டிருக்கும் வேலை இல்லையே! ‘வைத்திருக்கிறேன்’ என்று தமிழில் யோசிப்பதால் ‘ஹேவிங்’ வந்து விழுகிறது. ஆனால் ‘ஐயாம் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் அங்கே சாப்பாடு நடக்கிறது. ‘ஐயாம் ஹேவிங் டிரபிள் லாகிங் இன்’ என்பதும் சரிதான்.

‘ஐ திங்க்’ என்றால் என் கருத்து. ‘ஐயாம் திங்கிங் ஆஃப் ரிசைனிங்’ என்றால் ராஜினாமா யோசனை ஓடுகிறது, மேனேஜர் உஷாராகிவிடுவார். இவற்றைவிட நுட்பமான ஜோடி ஒன்று உண்டு. ‘ஹி இஸ் ரூட்’ என்றால் மரியாதையில்லாமல் நடப்பதே ஆளின் சுபாவம். ‘ஹி இஸ் பீயிங் ரூட்’ என்றால் இப்போது அப்படி நடந்துகொள்கிறார், அவ்வளவுதான். ஒருவரைப் பற்றிப் புகார் எழுதும்போது இந்த வித்தியாசம் சின்னதில்லை.

மெக்டொனால்ட்ஸ் 2003-ல் ‘ஐயாம் லவின் இட்’ என்று விளம்பரம் செய்தது. பள்ளிக்கூட விதிப்படி தப்பு. ஆனால் ‘ஐ லவ் இட்’ பொதுவான பிடித்தம். இதிலோ வாயில் இருக்கும்போதே ரசிக்கிற சூடு தெரிகிறது. புது வேலையில் சேர்ந்தவரிடம் ‘ஹவ் ஆர் யூ லைக்கிங் இட்?’ என்று ஆங்கிலேயரே கேட்பார்கள். அதற்காக ‘ஐயாம் லைக்கிங் காபி’ என்று சொல்லிவிடாதீர்கள். பணிவுக்கும் ‘இங்’ உதவும்: ‘ஐ ஹோப் யூ கேன் ஹெல்ப்’ என்பதைவிட ‘ஐ வாஸ் ஹோப்பிங் யூ குட் ஹெல்ப்’ மென்மையானது.

பழைய விதி அசையாமல் நிற்கிற இடமும் உண்டு: நோ (தெரிவது), ஓன் (சொந்தமாக வைத்திருப்பது), பிலாங் (உரியதாக இருப்பது), கன்டெயின் (உள்ளே கொண்டிருப்பது). தமிழிலும் ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘தெரியும்’தான். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ்ஸின் பேச்சுத் தேர்வில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் இலக்கணத்துக்கு. அங்கே ‘ஐயாம் நோயிங்’ வேண்டவே வேண்டாம்.

போனில் எதிராளி சொல்வது பிடிபடவில்லையா? ‘ஐயாம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்’ உறுத்தும், ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ சில நேரம் முகத்திலடித்த மாதிரி இருக்கும். ‘சாரி, ஐயாம் நாட் ஃபாலோயிங்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.