கிரெட்டா, கர்வ், பிஇ 6, வின்ட்சர் புரோ: ஊருக்குப் போற குடும்பத்துக்கு எந்த கரண்ட் கார்?

கரண்ட் கார் பாக்கலாம்னு ஷோரூம் போனா எல்லாரும் கேக்கற மொத கேள்வி ஒரு சார்ஜுக்கு எத்தன கிமீ போகும்ங்கறதுதான், பதிலும் ரெடியா வரும், இங்க பாக்கப் போற நாலு வண்டிக்கு அறிமுகத்தப்போ 449, 473, 585, 682ன்னு ஆளுக்கொரு நம்பர் சொன்னாங்க. இந்த நம்பர மட்டும் வெச்சு குடும்பத்துக்கு வண்டி எடுக்காதீங்கன்னு தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். வருஷத்துல பத்து மாசம் ஆபீஸ், ஸ்கூல், கடைன்னு ஓடற வண்டிக்கு இந்த நாலுல எது வாங்குனாலும் ரேஞ்ச் பத்தாம போகாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைங்க, பெரியவங்க, லக்கேஜோட ஊருக்குப் போறப்பதான் வித்தியாசம் தெரியும், அப்ப பாக்க வேண்டியது வழியில எத்தன யூனிட் ஏத்தணும், அத ஏத்த எவ்வளவு நேரம் உக்காரணும், இந்த ரெண்டும்தான்.

எடுத்துக்கிட்டது நாலு வண்டி. ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக் பெரிய பேட்டரி, 51.4 யூனிட் (கிலோவாட் அவர்னு போட்டிருப்பாங்க, நம்ம ஈபி பில்லுல வர்ற யூனிட்டும் அதேதான்), நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல தயாராகற வண்டி. டாடா கர்வ் 55 யூனிட். மஹிந்திரா பிஇ 6ல 79 யூனிட், 2024 நவம்பர்ல சென்னையில வெச்சுதான் அறிமுகப்படுத்துனாங்க. எம்ஜி வின்ட்சர் புரோ 52.9 யூனிட். விலை அறிமுகத்தப்போ கிரெட்டா டாப் மாடல் 23.50 லட்சம், கர்வ் டாப் 21.99, பிஇ 6 டாப் 26.90, வின்ட்சர் புரோ 17.49, எல்லாம் எக்ஸ் ஷோரூம். ஆஃபர், புது வேரியன்ட்னு இது மாறிட்டே இருக்கும், புக் பண்ற அன்னிக்கு ஒருதடவ விசாரிச்சுக்குங்க.

கம்பெனி சொல்ற ரேஞ்ச் எங்கேருந்து வருதுன்னா, லேப்ல ரோலர் மேல வண்டிய ஓட்டி எடுக்கற எம்ஐடிசி டெஸ்ட்லேருந்து. அதுல ஏசி ஓடாது, வேகம் அதிகபட்சமே 90தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. நம்ம பைபாஸ்ல ஏசி போட்டு 100ல போற வண்டிக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80ல போறதுக்கும் 100ல போறதுக்கும் காத்துக்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல வித்தியாசம். அதனால என் கணக்குல ஹைவேக்கு கிரெட்டாவுக்கும் கர்வுக்கும் நூறு கிமீக்கு 15 யூனிட், உயரமா பெட்டி மாதிரி இருக்கற வின்ட்சருக்கு 16, கனமான, அகலமான டயர் போட்ட பிஇ 6க்கு 17ன்னு வெச்சுக்கறேன். குத்துமதிப்புதான், 80ல நிதானமா போறவங்களுக்கு இதவிட நல்லா வரும், 120ல விரட்டறவங்களுக்கு இதுவும் வராது.

அப்படிப் பாத்தா முழு சார்ஜுக்கு வின்ட்சர் புரோ 330, கிரெட்டா 340, கர்வ் 365, பிஇ 6 465 கிமீ. கர்வுக்கு 585ன்னு சொன்ன டாடாவே நிஜ ரோட்டுல 400லேருந்து 425 வரைக்கும்னு தனியா ஒரு கணக்கு சொல்லுது, அது நல்ல விஷயம், எல்லா கம்பெனியும் அப்படிச் சொல்லணும்.

இப்ப சென்னையிலேருந்து மதுரை போறோம், சுமார் 460 கிமீ, வீட்டுலேருந்து முழு சார்ஜோட கிளம்பறோம்னு வெச்சுக்குங்க. பெரம்பலூர் பக்கம் 270 கிமீல எப்படியும் சாப்பாட்டுக்கு நிறுத்துவோம். அங்க போய் சேர்றப்ப கிரெட்டால 11 யூனிட் மிச்சம், கர்வுல 14, வின்ட்சர்ல 10 யூனிட்தான், பிஇ 6ல 33. மதுரைக்கு இன்னும் 190 கிமீ இருக்கு, போய் சேரும்போது கையில ஒரு 5 யூனிட்டாவது இருக்கணும்னு பாத்தா கிரெட்டாவுக்கு 22, 23 யூனிட் ஏத்தணும், கர்வுக்கு 19, 20, வின்ட்சருக்கு 26, பிஇ 6க்கு வெறும் 4, 5 யூனிட்.

இதுதான் எனக்கு இந்த ஒப்பீட்டுலயே முக்கியமான இடம், ஏன்னா எல்லாரும் சார்ஜிங் ஸ்பீடு பத்தியே பேசறாங்க. பிஇ 6 பெரிய பேட்டரி 175 கிலோவாட் வரைக்கும் வாங்கும் (அதாவது மணிக்கு 175 யூனிட் ஏத்தற வேகம்), 20லேருந்து 80 சதவீதம் 20 நிமிஷம்னு கம்பெனி சொல்லுது. கர்வ் 70 கிலோவாட், 10லேருந்து 80க்கு 40 நிமிஷம். கிரெட்டா அதே 10லேருந்து 80க்கு 50 கிலோவாட் சார்ஜர்ல 58 நிமிஷம். வின்ட்சர் புரோ 60 கிலோவாட் சார்ஜர்ல 20லேருந்து 80க்கு 50 நிமிஷம். பேப்பர்ல பாத்தா பிஇ 6 பக்கத்துல யாரும் நிக்க முடியாது. ஆனா நம்ம ரோட்டுல ஹோட்டல் வாசல்ல நிக்கற சார்ஜர்ல நிறைய 60 கிலோவாட்தான், அதுலயும் ரெண்டு கன் (வண்டியில மாட்டற பிளக்) இருக்கும், ரெண்டு வண்டி மாட்டுனா ஆளுக்கு 30 கிலோவாட்னு பிரிச்சுக்கும். 30 கிலோவாட்டுல 175 வாங்கற வண்டியும் 50 வாங்கற வண்டியும் ஒண்ணுதான், அரை மணி நேரத்துக்கு ரெண்டுக்கும் 15 யூனிட்தான் ஏறும்.

அந்த 30 கிலோவாட் சார்ஜர்ல கணக்குப் போடுங்க. கிரெட்டாவுக்கு முக்கா மணி நேரம், கர்வுக்கு 40 நிமிஷம், வின்ட்சருக்கு 50 நிமிஷத்துக்கு மேல, பிஇ 6க்கு 8, 10 நிமிஷம். பிஇ 6 இங்க ஜெயிக்கறது வேகமா வாங்கறதால கிடையாது, வாங்க வேண்டியதே கம்மிங்கறதால. இன்னிக்கு நம்ம ஊர் சார்ஜர் நிலைமைக்கு சார்ஜிங் ஸ்பீட விட பேட்டரி அளவுக்குக் காசு குடுக்கறதுதான் புத்தி. பண்டிகை நாள்ல சார்ஜர் முன்னாடி நாலு வண்டி வரிசையா நிக்கறப்ப, அந்த வரிசையில நிக்காமலே திருச்சி தாண்டிப் போய் வேற சார்ஜர் பாத்துக்கலாம்ங்கற தைரியம் பெரிய பேட்டரிக்காரருக்குத்தான் இருக்கும்.

அதே நேரத்துல கர்வுக்கும் கிரெட்டாவுக்கும் நடுவுல பாத்தா நல்ல சார்ஜர் கெடைக்கறப்ப கர்வ் 20 நிமிஷம் முன்னாடி கிளம்பிடும், கோயம்புத்தூர், திருநெல்வேலின்னு அடிக்கடி ஓடறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல. கிரெட்டா வாங்கறவங்க 80 சதவீதத்துக்கு மேல ஹைவேல சார்ஜ் போட்டு உக்காராதீங்க, எல்லா வண்டியிலயும் அதுக்கப்புறம் சார்ஜ் ஏறற வேகம் நல்லா கொறஞ்சுடும், மொத்த நேரத்துக்கு ரெண்டு சின்ன ஸ்டாப்தான் லாபம்.

காத்து, மலை ரெண்டும் தனியா சொல்லணும். தென்மேற்குப் பருவக்காத்து நாள்ல கயத்தாறு, ஆரல்வாய்மொழி பக்கம் போறவங்களுக்குத் தெரியும், காத்தாலை சும்மா அங்க நட்டு வெக்கல. 90ல போறீங்க, எதிர்க்காத்து 30ன்னா வண்டிக்கு அது 120ல போற மாதிரிதான், காத்துக்கு மட்டும் முக்கா மடங்கு கூட செலவு. நாகர்கோவில் போறவங்க அந்தக் கடைசி நூறு கிமீக்கு கூடுதலா 5 யூனிட்டாவது ஒதுக்கி வெச்சுக்கறது நல்லது. மலைன்னா ஊட்டி. மேட்டுப்பாளையத்துலேருந்து ஊட்டி கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏத்தம், ஆளும் சாமானும் சேத்து ரெண்டு டன்னு வெச்சா ஒசரம் ஏறறதுக்கு மட்டுமே 10 யூனிட் வேணும், ரோட்டுல ஓடற செலவு தனி. வின்ட்சர், கிரெட்டா பேட்டரில அது அஞ்சுல ஒரு பங்கு. எறங்கும்போது அதுல பாதிக்கு மேல திரும்ப வரும், பிரேக்கும் சூடாகாம இருக்கும், ஆனா ஊட்டில ஹோட்டல்ல ராத்திரி முழுக்க போட்டு நூறு சதவீதம் ஆக்கிட்டு எறங்குனீங்கன்னா பேட்டரில எடமே இருக்காது, ரீஜென் (வேகத்தக் கொறைக்கறப்ப மோட்டாரே கரண்ட் எடுத்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பறது) வேலை செய்யாது, கீழ வரைக்கும் சாதா பிரேக்தான். மேல 80ல நிறுத்திடுங்க.

பர்ஃபாமன்ஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பிஇ 6 பெரிய பேட்டரிக்கு 286 குதிரை சக்தி, பின் வீல் டிரைவ், 0லேருந்து 100க்கு 6.7 செகண்ட். கிரெட்டா 171, 7.9 செகண்ட். கர்வ் 167, 8.6 செகண்ட். வின்ட்சர் 136, இதுல மெதுவானது இதுதான். ஆனா குடும்பத்தோட போறவங்களுக்கு 40லேருந்து 80க்கு எவ்வளவு சீக்கிரம் போகுதுங்கறதுதான் தேவை, ரெட்டை வழி ரோட்டுல கரும்பு லாரிய தாண்டறப்ப, அதுக்கு வின்ட்சரும் போதும், கியர் மாறற தாமதமே கிடையாதே. 170 குதிரை சக்திக்கு மேல வர்றது ஓட்டறவரோட ஆசைக்கு. ஆசைப்படறது தப்பில்ல, பிஇ 6 ஓட்டிப் பாத்தவங்களுக்கு அது புரியும், ஆனா மத்த மூணும் முன் வீல் டிரைவ், மழை ரோட்டுல சட்டுனு மிதிச்சா முன் டயர் வழுக்கும்ங்கறதையும் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

பின்னாடி உக்கார்றவங்களுக்கு இதவிட முக்கியம் ரீஜென் செட்டிங். அத ஃபுல்லா வெச்சு, ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்தாலே வேகம் கொறையற மாதிரி ஒரே பெடல்ல ஓட்டறது டவுன்ல சொகம், ஆனா காலை மிதிச்சு மிதிச்சு எடுக்கறவர் ஓட்டுனா பின் சீட்டுல பிள்ளைங்களுக்கு வாந்தி வந்துடும். கிரெட்டால, கர்வுல ஸ்டீயரிங் பின்னாடி இருக்கற பேடில்லயே கூட்டிக் கொறச்சுக்கலாம், ஹைவே ஏறுனதும் கொறச்சு வெச்சுடுங்க.

சீட்டுன்னு வந்தா வின்ட்சர் தனி ரகம். பின் சீட்டு 135 டிகிரி வரைக்கும் சாயும், கால் நீட்ட எடம், 579 லிட்டர் டிக்கி, முட்டி வலி உள்ள பாட்டி குனியாம ஏறி எறங்கலாம். கிரெட்டா நடுத்தரம், டிக்கி 433 லிட்டர்தான். கர்வுக்கு டிக்கி 500 இருக்கு ஆனா பின்னாடி கூரை சரிஞ்சு வர்றதால உசரமானவங்களுக்குத் தல இடிக்கும், பேட்டரியால தரை ஒசந்து தொடைக்கு அடில சப்போர்ட் கம்மி. பிஇ 6ல பின் ஜன்னல் சின்னது, உள்ள இருட்டா இருக்கும், அஞ்சு பேரா ஆறு மணி நேரம்னா எனக்குப் பிடிக்கல. இவ்வளவு நல்ல பேட்டரிய இந்தப் பின் சீட்டோட குடுத்துட்டாங்களேன்னு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. பாதுகாப்புல கர்வ், பிஇ 6 ரெண்டும் பாரத் என்கேப்ங்கற மோதல் சோதனைல அஞ்சு ஸ்டார் வாங்கியிருக்கு.

வீட்டு சார்ஜிங்க நெனச்சு பயப்பட ஒண்ணுமில்ல. சாதா 15 ஆம்பியர் பிளக்குல 3.3 கிலோவாட் வரும், மணிக்கு 20 கிமீ, ராத்திரி பத்து மணி நேரம் போட்டா 200 கிமீ. தினமும் 50, 60 கிமீ ஓடறவங்களுக்கு அதுவே போதும், ஆனா ஒயரிங்கும் எர்த்தும் எலக்ட்ரீஷியன கூப்பிட்டுப் பாத்துக்குங்க, பழைய ஒயர்ல ராத்திரி முழுக்க 15 ஆம்பியர் இழுக்கறது ஆபத்து. 11 கிலோவாட் பாக்ஸ் வேணும்னா த்ரீ பேஸ் வேணும், ஈபில லோடும் ஏத்தணும். பிஇ 6க்கு சார்ஜர் பாக்ஸ் விலை வண்டி விலைல சேரல, அறிமுகத்தப்போ 7.2 கிலோவாட்டுக்கு 50,000, 11.2க்கு 75,000ன்னு தனியா வெச்சாங்க. ஹைவேல இருக்கற டிசி (வேகமா ஏத்தற) சார்ஜர்ல ஜிஎஸ்டியோட யூனிட்டுக்கு 20 ரூபா பக்கம் வரும், வீட்டுல அதுல பாதிகூட ஆகாது பெரும்பாலும். அதனால வீட்டுல சார்ஜ் போட எடமில்லாத அபார்ட்மென்ட்காரங்க மொதல்ல அசோசியேஷன்ல பர்மிஷன எழுத்துல வாங்கிட்டு அப்புறம் புக் பண்ணுங்க.

என் தீர்ப்பு: டவுன்லயே பெரும்பாலும் ஓட்டம், பெரியவங்க கூட இருக்காங்க, ஊரு 250 கிமீக்குள்ளன்னா வின்ட்சர் புரோ, யோசிக்கவே வேணாம், மிச்சமாகற லட்சங்கள வேற எதுக்காவது வெச்சுக்கலாம். மாசம் ரெண்டு தடவ 400, 500 கிமீ போறவங்க, நாலு பேர்தான்னா பிஇ 6 பெரிய பேட்டரி. நடுவுல இருக்கறவங்களுக்கு கிரெட்டாவவிட கர்வ் 55, பின் சீட்டுல வீட்டுலயே உசரமான ஆள உக்கார வெச்சுப் பாத்துட்டு. அவர் தல இடிச்சா கிரெட்டா. தூத்துக்குடில தயாராகற வின்ஃபாஸ்ட் விஎஃப் 6ம் 59.6 யூனிட் பேட்டரியோட 16.49 லட்சத்துல ஆரம்பிச்சுது, விலைக்குப் பேட்டரி பெருசு, உங்க ஊருக்குப் பக்கத்துல அவங்க சர்வீஸ் சென்டர் இருந்தா இந்த லிஸ்ட்ல சேத்துக்குங்க, இல்லன்னா கொஞ்சம் பொறுங்க. எது எடுத்தாலும் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஊர் ரூட்ல இருக்கற சார்ஜர் ஒவ்வொண்ணும் எத்தன கிலோவாட், எத்தன கன்னு ஆப்ல பாத்து எழுதி வெச்சுக்குங்க.