மொரீஷியஸா, ரீயூனியனா: காரைக்காலுக்கு எது நெருக்கம்?

காரைக்கால் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே தொடங்கிய வாக்குவாதம் இது. இரண்டும் இந்தியப் பெருங்கடலில் அக்கம்பக்கத்துத் தீவுகள், இரண்டிலும் பூர்வகுடி கிடையாது. மொரீஷியஸில் 1638-இல் குடியேறிய டச்சுக்காரர்கள் 1710-இல் விட்டுப் போக, அப்புறம் பிரெஞ்சு, 1810-இலிருந்து பிரிட்டிஷ், 1968-இல் சுதந்திரம். ரீயூனியன் கதை சின்னது: 1665 முதல் பிரெஞ்சுக் குடியேற்றம், நடுவில் கொஞ்ச வருஷம் பிரிட்டிஷ் கையில் இருந்ததோடு சரி, இன்றும் பிரான்ஸ்தான்.

அடிமை முறை ஒழிந்ததும் (மொரீஷியஸில் 1835, ரீயூனியனில் 1848) கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். ரீயூனியனுக்கு நம்ம காரைக்காலிலிருந்தே கப்பல் போனது. அந்தக் கணக்கில் ரீயூனியன்தான் சொந்தம்.

ஆனால் தமிழ் எழுத்து நின்றது மொரீஷியஸில். ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது. 1998-இல் அதை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தார்கள், தமிழர்கள் கொதித்தெழ, நோட்டையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை வேறு. ரீயூனியனில் யூரோதான், ராமசாமி குடும்பப் பெயராகிவிட்டது, முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர் ஒட்டியிருக்கும். தீமிதி மட்டும் விடவில்லை.